மகாத்மா காந்தியின் செவிலியர் பணி

மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி (அக்டோபர் 2, 1869 – ஜனவரி 30, 1948) இந்திய விடுதலைப் போராட்டத்தின் தலைவராகப் பரவலாக அறியப்படுபவர். வழக்கறிஞராகத் தொழில் புரிந்த காலத்தில் அவர் பலமுறை தம் தொழிலைக் குறைத்துக்கொண்டோ நிறுத்தி வைத்தோ நோயாளிகளுக்கும் போரில் காயமுற்றோருக்கும் பணிவிடை செய்துள்ளார். இப்பணிகளுள் பெரும்பாலானவை சில வாரங்கள் மட்டுமே நீடித்த தற்காலிகப் பணிகளாகும்.

தென்னாப்பிரிக்காவில் இப்பணிகளில் அவருடன் இருந்தோருள் பலர் சென்னை மாகாணத்திலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றவர்கள். காந்தி தமக்குத் தாமே விடுப்பு அளித்துக்கொள்ளக் கூடிய நிலையில் இருந்தார். ஒப்பந்தத் தொழிலாளிக்கோ முதலாளியின் இசைவின்றித் தோட்டத்தை விட்டு வெளியேறுவதே குற்றமாக இருந்தது. காந்தியின் செவிலியர் பணிகளைப் புரிந்துகொள்ள இவ்வேறுபாடு முக்கியமானது.

பள்ளிப் பருவம்

காந்தி இன்றைய குஜராத்தில் உள்ள போர்பந்தரில் பிறந்தார். தந்தை கரம்சந்த் காந்தி சமஸ்தானங்களில் திவானாகப் பணியாற்றியவர். குடும்பம் ராஜ்கோட்டுக்குக் குடிபெயர்ந்த பின், காந்தி அங்குள்ள உயர்நிலைப் பள்ளியில் பயின்றார். அக்காலத்தில் தந்தை பவுத்திர நோயால் படுக்கையில் இருந்தார். புண்ணுக்குக் கட்டுப் போடுவது, மருந்துகளைக் கலந்து கொடுப்பது, இரவில் கால்களைப் பிடித்துவிடுவது ஆகிய வேலைகளைக் காந்தி செய்து வந்தார்.

பள்ளித் தலைமையாசிரியர் தொராப்ஜி எதுல்ஜி கிமி மேல் வகுப்பு மாணவர்களுக்கு உடற்பயிற்சியையும் கிரிக்கெட்டையும் கட்டாயமாக்கியிருந்தார். பள்ளி முடிந்ததும் வீட்டுக்குச் சென்று தந்தையைக் கவனிக்க வேண்டும் என்பதால், உடற்பயிற்சியிலிருந்து விலக்கு அளிக்குமாறு காந்தி வேண்டினார். தலைமையாசிரியர் இணங்கவில்லை. ஒரு சனிக்கிழமை மாலை, வானம் மேகமூட்டமாக இருந்ததாலும் கையில் கடிகாரம் இல்லாததாலும் காந்தி தாமதமாகச் சென்றார். அதற்குள் மாணவர்கள் கலைந்துவிட்டனர். அவர் கூறிய காரணம் நம்பப்படவில்லை. சிறு தொகை அபராதமாக விதிக்கப்பட்டது. பின்னர், மகன் வீட்டில் தேவைப்படுகிறான் எனத் தந்தையே தலைமையாசிரியருக்குக் கடிதம் எழுதிய பிறகு விலக்கு கிடைத்தது. செவிலியர் பணிக்காகக் காந்தி கேட்ட முதல் விடுப்பு இது எனலாம்.

1885 ஆம் ஆண்டு தந்தை காலமானார். அன்றிரவு சிற்றப்பா காந்தியைப் பணியிலிருந்து விடுவித்து உறங்க அனுப்பியிருந்தார். உயிர் பிரிந்த நேரத்தில் அருகில் இல்லாமல் போனதைக் காந்தி தம் வாழ்நாள் முழுவதும் குறையாகக் கருதினார்.

நேட்டாலில் ஊழியர்

இங்கிலாந்தில் சட்டம் பயின்று 1891 இல் திரும்பிய காந்திக்கு இந்தியாவில் தொழில் சரியாக அமையவில்லை. 1893 இல் தாதா அப்துல்லா நிறுவனத்தின் வழக்குக்கு உதவுவதற்காகத் தென்னாப்பிரிக்கா சென்றார். ஓராண்டுக்கு மேற்படாத ஒப்பந்தம், 105 பவுண்டு ஊதியம், முதல் வகுப்புப் பயணச் செலவு ஆகியவை அப்பணியின் நிபந்தனைகளாகும். வழக்கு முடிந்து நாடு திரும்ப இருந்த நிலையில், இந்தியரின் வாக்குரிமையைப் பறிக்கும் சட்ட முன்வரைவை எதிர்க்கும் பொருட்டு டர்பனில் தங்கினார். 1894 இல் நேட்டால் இந்தியக் காங்கிரஸ் தொடங்கப்பட்டது.

நேட்டாலில் இருந்த இந்தியருள் பெரும்பாலோர் கரும்புத் தோட்டங்களிலும் சுரங்கங்களிலும் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் வேலை செய்தவர்கள் அல்லது ஒப்பந்தம் முடிந்து அங்கேயே தங்கியவர்கள். அவர்களை ஏற்றிச் சென்ற முதல் கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டு 1860 நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது. 1860 முதல் 1911 வரை ஏறத்தாழ 1,52,000 பேர் இவ்வாறு சென்றனர். இவர்களுள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் சென்னைத் துறைமுகம் வழியாகச் சென்றவர்கள். வட ஆற்காடு, செங்கல்பட்டு, தஞ்சாவூர் முதலிய மாவட்டங்களுடன், ஆத்தூர் வட்டத்தை உள்ளடக்கிய அன்றைய சேலம் மாவட்டத்திலிருந்தும் ஆட்கள் திரட்டப்பட்டனர். ஆண் தொழிலாளிக்கு முதல் ஆண்டில் மாத ஊதியம் 10 ஷில்லிங். உணவும் தங்குமிடமும் தனி.

முதலாளியின் இசைவு

ஒப்பந்தத் தொழிலாளியின் சட்ட நிலையைக் காந்தி நேரடியாக அறிந்தது பாலசுந்தரம் என்னும் தமிழரின் வழக்கில் ஆகும். 1894 இல் வெள்ளை முதலாளியால் அடிக்கப்பட்டு, முன்பற்கள் இரண்டு உடைந்து, குருதி வடிந்த நிலையில் பாலசுந்தரம் தலைப்பாகையைக் கையில் ஏந்தியபடி காந்தியின் அலுவலகத்துக்கு வந்தார். காந்தி அவரை மருத்துவரிடம் அனுப்பிச் சான்றிதழ் பெற்று, நீதிபதியிடம் அழைத்துச் சென்றார்.

சாதாரண வேலைக்காரர் ஒருவர் முன்னறிவிப்பின்றி வேலையை விட்டால், அவர் மீது முதலாளி உரிமையியல் வழக்கு மட்டுமே தொடரலாம். ஒப்பந்தத் தொழிலாளி அவ்வாறு செய்தால் அது குற்ற வழக்கு. சிறைத் தண்டனை உண்டு. அவருக்கு விடுதலை கிடைக்க இரண்டு வழிகளே இருந்தன. ஒன்று, தொழிலாளர் பாதுகாவலர் என்ற அரசு அதிகாரி ஒப்பந்தத்தை நீக்குவது அல்லது வேறொருவருக்கு மாற்றுவது. மற்றொன்று, முதலாளியே விட்டுக்கொடுப்பது. காந்தி வேறொரு ஐரோப்பியரைத் தேடிப் பிடித்து, பாலசுந்தரத்தின் ஒப்பந்தம் அவருக்கு மாற்றப்பட ஏற்பாடு செய்தார். இவ்வழக்குக்குப் பின் ஒப்பந்தத் தொழிலாளர்கள் காந்தியைத் தேடி வரத் தொடங்கினர்.

ஆறு மாத விடுப்பு (1896)

மூன்றாண்டுகள் கழித்து, குடும்பத்தை அழைத்து வரவும் தென்னாப்பிரிக்க இந்தியரின் நிலையை எடுத்துக்கூறவும் காந்தி ஆறு மாத காலம் தாயகம் செல்ல விழைந்தார். நேட்டால் இந்தியரிடம் இசைவு பெற்று 1896 இல் புறப்பட்டார். இவ்விடுப்பின் பெரும்பகுதி பரப்புரையில் கழிந்தபோதும், இடையே செவிலியர் பணியும் செய்தார். பம்பாயில் அவருடைய சகோதரியின் கணவர் நோயுற்றிருந்தார். அவரைக் கவனிக்கப் போதிய வசதி அங்கு இல்லாததால், காந்தி அவரை ராஜ்கோட்டுக்கு அழைத்துச் சென்று, தம் அறையிலேயே தங்க வைத்து, இரவும் பகலும் உடனிருந்தார். எனினும் நோயாளி பிழைக்கவில்லை.

அவ்வாண்டு அக்டோபர் 26 அன்று சென்னை பச்சையப்பன் மண்டபத்தில் காந்தி உரையாற்றினார். பாலசுந்தரத்தின் வழக்கு சென்னை மக்களிடையே தனி ஆர்வத்தை ஏற்படுத்தியிருந்தது. பின்னர் கல்கத்தாவில் இருந்தபோது, நேட்டால் சட்டமன்றம் ஜனவரியில் கூடுவதால் விரைவில் திரும்புமாறு டர்பனிலிருந்து தந்தி வந்தது. விடுப்பு இவ்வாறு முடிவுக்கு வந்தது.

மருத்துவர் பூத்தின் மருத்துவமனை

டர்பன் திரும்பிய பின் ஒரு நாள் தொழுநோயாளி ஒருவர் காந்தியின் வீட்டு வாயிலுக்கு வந்தார். காந்தி அவரை உள்ளே அழைத்துப் புண்களுக்குக் கட்டுப் போட்டுச் சில நாட்கள் கவனித்து, பின் ஒப்பந்தத் தொழிலாளருக்கான அரசு மருத்துவமனைக்கு அனுப்பி வைத்தார். இந்நிகழ்வு, செவிலியர் பணியை முறையாகச் செய்ய வேண்டும் என்ற எண்ணத்தை அவரிடம் வலுப்படுத்தியது.

செயின்ட் எய்டன்ஸ் மறைப்பணி நிலையத்தின் தலைவரான மருத்துவர் பூத், வந்தவர்களுக்கு இலவசமாக மருத்துவம் செய்து வந்தார். பார்சி ருஸ்தம்ஜியின் நன்கொடையில் அவர் பொறுப்பில் ஒரு சிறு அறக்கட்டளை மருத்துவமனை தொடங்கப்பட்டது. அங்கு மருந்து கலக்க ஆள் தேவைப்பட்டது. நாள்தோறும் ஒன்று அல்லது இரண்டு மணி நேரம் ஆகும் அவ்வேலையைக் காந்தி ஏற்றுக்கொண்டார்.

இதற்கான நேரம் அவருடைய தொழிலிலிருந்து எடுக்கப்பட்டது. அவருடைய வேலையில் பெரும்பகுதி ஆவணங்கள் எழுதுவதும் சமரசம் செய்வதுமாக அலுவலகத்தில் நடப்பவை. நீதிமன்ற வழக்குகள் சிலவே இருந்தன. காந்தி இல்லாத வேளைகளில் அவற்றைக் கான் என்னும் வழக்கறிஞர் கவனித்துக்கொண்டார். ஒவ்வொரு காலையும், போய்வரும் நேரத்தையும் சேர்த்து இரண்டு மணி நேரம் மருத்துவமனைக்குச் செலவானது. நோயாளிகளின் குறைகளைக் கேட்டறிந்து மருத்துவரிடம் கூறுவதும், மருந்துகளை வழங்குவதும் காந்தியின் வேலையாகும். நோயாளிகளுள் பெரும்பாலோர் தமிழ், தெலுங்கு, வட இந்திய ஒப்பந்தத் தொழிலாளர்கள். அவர்களுடன் காந்திக்கு நெருங்கிய தொடர்பு ஏற்பட்டது இங்குதான்.

இப்பழக்கம் அவருக்கு வீட்டிலும் பயன்பட்டது. 1900 இல் கடைசி மகன் தேவதாஸ் பிறந்தபோது, மருத்துவரோ மருத்துவச்சியோ உரிய நேரத்தில் வர இயலாததால், காந்தியே பிரசவம் பார்த்தார்.

போயர் போரும் இந்திய ஆம்புலன்ஸ் படையும்

1899 அக்டோபரில் ஆங்கிலேயருக்கும் போயர்களுக்கும் இடையே போர் மூண்டது. பிரித்தானியக் குடிமக்களாக உரிமை கோருவோர் கடமையையும் ஏற்க வேண்டும் என்பது காந்தியின் அன்றைய நிலைப்பாடு. மருத்துவர் பூத்திடம் தொண்டர்கள் காயமுற்றோரைப் பேணும் பயிற்சி பெற்றனர். அரசு முதலில் இவ்வுதவியை மறுத்தது. போரில் பிரித்தானியப் படைக்குப் பின்னடைவு ஏற்பட்டு ஆள் தேவை பெருகியபோது ஏற்றுக்கொண்டது.

ஏறத்தாழ 1,100 பேர் கொண்ட இப்படையில் தலைவர்கள் சுமார் 40 பேர். ஏறத்தாழ 300 பேர் ஒப்பந்தம் முடிந்த சுதந்திர இந்தியர்கள். எஞ்சியோர் ஒப்பந்தத்தில் இருந்த தொழிலாளர்கள். வணிகர், எழுத்தர், வழக்கறிஞர் முதலியோர் தம் தொழிலைச் சில வாரங்கள் ஒதுக்கி வைத்து வர முடிந்தது. ஒப்பந்தத் தொழிலாளியின் ஐந்தாண்டு உழைப்பு முதலாளிக்கு உரியதாக இருந்ததால், தோட்ட உரிமையாளர் விடுவித்தால் மட்டுமே அவர் படையில் சேர இயலும். படையின் பெரும்பகுதியினர் இவ்வாறு விடுவிக்கப்பட்டு வந்தவர்களே.

1899 டிசம்பர் 15 அன்று நடந்த கொலென்சோ போரில் படையின் பணி தொடங்கியது. 1900 ஜனவரியில் ஸ்பியன் கோப் போரின்போது அவர்கள் மீண்டும் அழைக்கப்பட்டனர். துப்பாக்கிச் சூடு எட்டும் பகுதிக்குள் அனுப்பப்படுவதில்லை என்பது ஏற்பாடு. எனினும் தேவை எழுந்தபோது அவர்கள் அப்பகுதிக்குள்ளும் சென்று காயமுற்றோரைத் தூக்கி வந்தனர். தூக்குப்படுக்கையில் நோயாளியைச் சுமந்தபடி ஒரே நாளில் 20 முதல் 25 மைல் நடந்த நாட்களும் உண்டு. அவ்வாறு சுமந்து செல்லப்பட்டவர்களுள் தளபதி வுட்கேட்டும் ஒருவர்.

ஏறத்தாழ ஆறு வாரப் பணிக்குப் பின் படை கலைக்கப்பட்டது. தளபதி புல்லர் தம் அறிக்கையில் படையைப் பாராட்டினார். தலைவர்கள் 37 பேருக்குப் போர்ப் பதக்கம் அளிக்கப்பட்டது. ஒப்பந்தத் தொழிலாளரோ எஞ்சிய ஒப்பந்தக் காலத்தை முடிக்க வேண்டியவர்களாகவே இருந்தனர். ஒப்பந்தம் முடிந்தும் நேட்டாலில் தங்குவோர் மீது 1895 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி விதிக்கப்பட்ட 3 பவுண்டு ஆண்டு வரியும் நீக்கப்படவில்லை.

ஜோகானஸ்பர்க் பிளேக் (1904)

1901 இல் இந்தியா திரும்பிய காந்தி, 1902 இன் இறுதியில் மீண்டும் அழைக்கப்பட்டு, பின் ஜோகானஸ்பர்க்கில் அலுவலகம் அமைத்தார். 1903 இல் ஆங்கிலம், குஜராத்தி, இந்தி, தமிழ் ஆகிய நான்கு மொழிகளில் இந்தியன் ஒப்பீனியன் இதழ் தொடங்கப்பட்டது. அதன் அச்சகத்தை டர்பனில் மதன்ஜித் நடத்தினார்.

1904 மார்ச்சில் அருகிலிருந்த தங்கச் சுரங்கம் ஒன்றில் நுரையீரல் பிளேக் பரவியது. நோயுற்ற இந்தியத் தொழிலாளர் 23 பேர் ஒரு மாலை இந்தியர் குடியிருப்புக்கு வந்து சேர்ந்தனர். இதழுக்குச் சந்தா சேர்க்க அங்கு வந்திருந்த மதன்ஜித், காலியாக இருந்த வீடொன்றின் பூட்டை உடைத்து அவர்களை அதில் சேர்த்தார். காந்திக்கும் செய்தி அனுப்பினார். காந்தி மிதிவண்டியில் விரைந்து சென்று, நகராட்சி எழுத்தருக்குக் கடிதம் எழுதினார். மருத்துவர் வில்லியம் காட்பிரேயும் வந்து சேர்ந்தார்.

23 நோயாளிகளுக்கு மூவர் போதவில்லை. இம்முறை காந்தி முதலாளியின் நிலையில் இருந்தார். அவருடைய அலுவலகத்தில் நான்கு இந்திய எழுத்தர்கள் இருந்தனர். கல்யாண்தாஸ், மாணிக்லால், குணவந்த்ராய் தேசாய் ஆகியோர் அவர்களுள் அடங்குவர்.  காந்தி கேட்டபோது அவர்கள் உடனே இசைந்தனர். அவரிடம் சட்டப் பயிற்சி பெற்று வந்த ரிட்ச் என்னும் ஐரோப்பியரும் வர முன்வந்தார். அவருக்குப் பெரிய குடும்பம் இருந்ததால் காந்தி அவரை நோயாளிகளிடம் வர அனுமதிக்காமல், வெளி வேலைகளைக் கவனிக்கச் செய்தார். உயிருக்கே ஆபத்தான பணிக்கு யாரை அனுப்பலாம், யாரை அனுப்பக் கூடாது என முதலாளி முடிவு செய்ய வேண்டியிருந்த தருணம் இது.

மறுநாள் நகராட்சி காலியான கிடங்கு ஒன்றையும் ஒரு செவிலியரையும் அளித்தது. நோயாளிகள் மூவருக்குக் காந்தி ஈரமண் சிகிச்சை அளித்தார். அவர்களுள் இருவர் பிழைத்தனர். ஏனைய 20 பேரும் கிடங்கிலேயே இறந்தனர். நகராட்சியின் செவிலியரும் நோய் தொற்றி இறந்தார். பின்னர் குடியிருப்பு மக்கள் நகருக்கு வெளியே கூடாரங்களில் தங்க வைக்கப்பட்டனர், குடியிருப்பு தீக்கிரையாக்கப்பட்டது.

இப்பணியால் டர்பன் அச்சகத்தில் மதன்ஜித்தின் இடம் காலியாக இருந்தது. காந்தியை உணவு விடுதியில் காணாததால் தேடி வந்த ஆல்பர்ட் வெஸ்ட் என்னும் அச்சகத் தொழிலர், தாமும் நோயாளிகளைக் கவனிக்க வருவதாகக் கூறினார். அதற்குப் பதிலாக அச்சகப் பொறுப்பை ஏற்குமாறு காந்தி கேட்டுக்கொண்டார். மாதம் 10 பவுண்டு ஊதியம் பேசப்பட்டது. அச்சகத்தின் கணக்குகள் சீராக இல்லை என வெஸ்ட் எழுதியதால் காந்தி டர்பன் புறப்பட்டார். அந்த ரயில் பயணத்தில், நண்பர் போலக் கொடுத்த ஜான் ரஸ்கினின் நூலைப் படித்தார். அதன் விளைவாக 1904 இறுதியில் பீனிக்ஸ் குடியிருப்பு தோன்றியது.

சூலு கிளர்ச்சி (1906)

1906 இல் நேட்டாலில் புதிய தலைவரியை எதிர்த்துச் சூலு மக்கள் கிளர்ந்தெழுந்தனர். காந்தி மீண்டும் ஆம்புலன்ஸ் படை அமைக்க முன்வந்து ஆளுநருக்கு எழுதினார். இம்முறை ஜோகானஸ்பர்க் வீட்டையே காலி செய்து, கஸ்தூரிபாயைப் பீனிக்சுக்கு அனுப்பினார்.

படையில் 24 பேர் இருந்தனர். நால்வர் குஜராத்திகள், ஒருவர் பட்டாணியர், எஞ்சிய 19 பேரும் தென்னிந்தியாவிலிருந்து சென்று ஒப்பந்தம் முடித்தவர்கள். அதாவது, 1899 இல் முதலாளியின் இசைவை எதிர்நோக்கியிருந்தவர்களின் வகுப்பினர் இப்போது தாமே முடிவு செய்து வந்தனர்.

களத்திற்குச் சென்ற பின்னரே, தாங்கள் பேண வேண்டியவர்களுள் பெரும்பாலோர் போரில் காயமுற்றவர்கள் அல்லர் என்பது தெரிந்தது. ஐயத்தின் பேரில் பிடிக்கப்பட்டுக் கசையடி பெற்ற சூலு மக்களின் புண்கள் கவனிப்பாரின்றிச் சீழ் பிடித்திருந்தன. வெள்ளையர் அவர்களைத் தொட்டுப் பணிவிடை செய்ய விரும்பவில்லை. மருத்துவர் சாவேஜ் இந்தியரின் வருகையை வரவேற்றார். வெள்ளைப் படையினருக்கான மருந்துகளைக் கலந்து கொடுக்கும் வேலையும் காந்தியிடம் தரப்பட்டது. பூத்தின் மருத்துவமனையில் பெற்ற பயிற்சி இதற்கு உதவியது. சில நாட்களில் 40 மைல் வரை நடக்க நேர்ந்தது.

ஏறத்தாழ ஆறு வாரங்களில் படை கலைக்கப்பட்டது. இந்நடைப்பயணங்களின்போதே காந்தி வாழ்நாள் முழுவதும் பிரம்மச்சரியம் காக்க முடிவு செய்தார். அவர் திரும்பிய சில வாரங்களில் டிரான்சுவால் அரசு ஆசியர் பதிவுச் சட்ட முன்வரைவை வெளியிட்டது. 1906 செப்டம்பர் 11 கூட்டத்துடன் சத்தியாக்கிரகம் தொடங்கியது.

1913 இல் 3 பவுண்டு வரியை எதிர்த்து நேட்டாலின் சுரங்கங்களிலும் தோட்டங்களிலும் ஆயிரக்கணக்கான ஒப்பந்தத் தொழிலாளர்கள் எவர் இசைவையும் கேளாமல் வேலையை விட்டு வெளியேறினர். 1914 இல் அவ்வரி நீக்கப்பட்டது.

பிற்கால வாழ்க்கை

1914 ஆகஸ்டில், முதல் உலகப் போர் தொடங்கிய இரு நாட்களில் காந்தி லண்டன் சேர்ந்தார். அங்கிருந்த இந்தியர் சுமார் 80 பேர் அவர் முயற்சியால் முதலுதவிப் பயிற்சி பெற்றனர். காயமுற்ற இந்தியப் படைவீரர்களைப் பேண நெட்லி மருத்துவமனைக்குத் தொண்டர்கள் அனுப்பப்பட்டனர். காந்தியோ நுரையீரல் உறை அழற்சியால் நோயுற்று, அவ்வாண்டு இறுதியில் இந்தியா புறப்பட்டார்.

ஒத்துழையாமை இயக்கத்தை ஒட்டி 1920 ஆகஸ்டில் கெய்சர்-இ-ஹிந்த் பதக்கத்தையும் போயர் போர், சூலு கிளர்ச்சி ஆகியவற்றுக்கான பதக்கங்களையும் அரசிடம் திருப்பி அளித்தார்.

ஆசிரம வாழ்வில் நோயாளிகளைப் பேணுவது அவருடைய அன்றாட வேலைகளுள் ஒன்றாக இருந்தது. 1939 இல் தொழுநோயுற்ற வடமொழி அறிஞர் பர்சூரே சாஸ்திரி சேவாகிராமத்துக்கு வந்தார். காந்தி தம் குடிலுக்கு அருகிலேயே அவருக்குக் குடில் அமைத்து, புண்களைக் கழுவி, எண்ணெய் தேய்த்துவிட்டார். அவருடைய நிர்மாணத் திட்டத்தில் தொழுநோயாளர் பணியும் இடம்பெற்றது. 1944 பிப்ரவரி 22 அன்று ஆகாகான் மாளிகைச் சிறையில் கஸ்தூரிபாய் காலமானபோது காந்தி அவர் அருகில் இருந்தார். 1948 ஜனவரி 30 அன்று காந்தி சுட்டுக் கொல்லப்பட்டார். அந்நாள் இந்தியாவில் தொழுநோய் ஒழிப்பு நாளாகவும் கடைப்பிடிக்கப்படுகிறது.

மதிப்பீடு

போயர் போர், சூலு கிளர்ச்சி ஆகியவற்றில் காந்தி பேரரசின் பக்கம் நின்றது பிற்கால ஆய்வாளர்களின் விமர்சனத்துக்கு உள்ளாகியுள்ளது. அக்காலத்தில் ஆப்பிரிக்கர் குறித்து அவர் கொண்டிருந்த கருத்துகளும் விவாதிக்கப்படுகின்றன. சூலு மக்களின் பக்கமே நியாயம் இருந்ததைக் களத்தில் உணர்ந்ததாகக் காந்தியும் பின்னாளில் ஒப்புக்கொண்டுள்ளார்.

காந்தியின் தற்காலிகச் செவிலியர் பணிகள் சிலவற்றில், விட்டுச் செல்லப்பட்ட வேலையை வேறு ஒருவர் ஏற்றிருந்தார் என்பது கவனிக்கத்தக்கது. டர்பனில் வழக்குகளைக் கான் பார்த்துக்கொண்டார். பிளேக் காலத்தில் மதன்ஜித்தின் அச்சகத்தை வெஸ்ட் ஏற்றார். காந்தியின் பெயர் நிலைத்த அளவுக்கு, தோட்டங்களிலிருந்து வந்து தூக்குப்படுக்கை சுமந்த நூற்றுக்கணக்கான தொழிலாளர்களின் பெயர்கள் வரலாற்றில் இடம்பெறவில்லை.